பழைய கிராமிய ப்ளூஸ் இசைத்தட்டுகளைச் சேர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1929ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று, அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பின மக்களின் கிராமிய ப்ளூஸ் இசையைப் பாடிய சார்லி பேட்டன், மிசிசிப்பியிலிருந்து இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகருக்கு வந்து, ஒற்றைக் கிதாரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் 14 பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றை வெளியிட்ட பாராமவுண்ட், விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் கிளை. இசைத்தட்டு அவர்களுக்கு ஓர் உபதொழில். 1932இல் அவர்கள் பதிவு செய்வதை நிறுத்தினார்கள். தட்டுகளை அச்சடித்த உலோக அச்சுகளில் பெரும்பாலானவை பழைய உலோக விலைக்குப் போயின. ஆகவே அன்று பேட்டன் பாடியதை நாம் இன்று எந்த வடிவத்தில் கேட்டாலும், அது ஏதோ ஒரு வீட்டில் ஓடி ஓடித் தேய்ந்து, எப்படியோ தப்பிய ஒரு தட்டிலிருந்து எடுக்கப்பட்டதுதான். பழைய நூலின் ஒரு பிரதி கெட்டால் அந்தப் பிரதி மட்டுமே கெடும். இங்கோ கையில் இருக்கும் தட்டே மூலமாக இருக்கக்கூடும். சேகரிக்கத் தொடங்குவோர் செய்யும் தவறுகள் எனக்குப் பெரிதாகப் படுவது இதனால்தான்.

முதல் தவறு பெரும்பாலும் தட்டு வீட்டுக்கு வந்த அன்றே நடக்கிறது. எண்பது, தொண்ணூறு ஆண்டு அழுக்கைக் கண்டதும் துடைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பிற்கால வினைல் தட்டுகளுக்குப் பயன்படுத்தும் ஆல்கஹால் கலந்த திரவத்தை எடுத்துவிடுவார்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இந்தப் பழைய தட்டு வினைல் அன்று. அது அரக்கு, பொடித்த கல், கரித்தூள், பஞ்சு இழை ஆகியவற்றைச் சூட்டில் பிசைந்து அழுத்திய பண்டம். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறியது. நம் ஊர்த் தச்சர்கள் மேசைக்கு மெருகேற்ற அரக்கை ஸ்பிரிட்டில்தான் ஊறவைத்துக் கரைக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சைத் தட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் பஞ்சு கறுத்திருக்கும். அந்தக் கறுப்பை அழுக்கு என்று எண்ணி மகிழ்ந்து இன்னொரு சுற்றுத் துடைப்பவர், தட்டின் மேல்தோலையும் அதில் செதுக்கப்பட்டிருந்த ஒலியையும் சேர்த்தே துடைத்துக்கொண்டிருக்கிறார். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பு ஒரு துளி, மெல்லிய மயிர்த் தூரிகை, ஒலி பதிந்த பள்ளங்கள் ஓடும் திசையிலேயே தேய்த்தல், நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் மறைத்துக்கொள்ளுதல், உடனே ஒற்றி உலர்த்துதல்: இவ்வளவே போதும். விளிம்பு உடைந்து உள்ளிருக்கும் பொருள் தெரிகின்ற தட்டுகளை நனைக்காமல் விடுவது நல்லது, ஏனெனில் உள்ளிருக்கும் பஞ்சு இழை நீரை உறிஞ்சி உப்பிவிடும்.

அடுத்தது, பழைய பாட்டைப் பழைய பெட்டியில்தான் கேட்க வேண்டும் என்ற ஆசை. சாவி கொடுக்கும் கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேற்பட்ட எடையோடு முள்ளின் மீது அமர்கிறது. நவீன மின் இசைத்தட்டு இயக்கியில் 78 தட்டுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் போதும். எஃகு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும் என்பதே அக்கால விதி. தட்டிலிருந்த கல்தூள் முள்ளைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்றபடி வடிவமைத்தது. அதே முள்ளை மீண்டும் பயன்படுத்தினால் தேய்ந்த முனை உளியாக மாறிப் பள்ளத்தைச் சீவும். காசு மிச்சம் பிடிக்க ஒரே முள்ளைப் பல நாள் ஓட்டிய வீடுகளில்தான் இந்தத் தட்டுகள் இருந்தன. நாமும் அதையே செய்வதற்கு ஒரு நியாயமும் இல்லை.

நவீன இயக்கியை வாங்கியவர்களும் அதிலுள்ள, எல்.பி. எனப்படும் பிற்கால நீண்ட தட்டுக்கான முள்ளை அப்படியே வைத்துவிடுகிறார்கள். அதன் முனை ஆரம் ஏறத்தாழ 0.018 மில்லிமீட்டர், 78 தட்டின் பள்ளத்துக்கு வேண்டியது சுமார் 0.076 மில்லிமீட்டர். சிறிய முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உருண்டு இரைச்சலை மட்டும் எடுத்துத் தரும். சற்றுப் பெரியதும் சற்றுச் சிறியதுமாக இரண்டு மூன்று அளவு முள்களை வைத்திருப்பவர்கள் ஒரு நல்ல வித்தையை அறிவார்கள்: எஃகு முள் பள்ளத்தின் சுவரை ஒரு குறிப்பிட்ட ஆழத்தில்தான் தேய்த்திருக்கும், வேறு அளவு முள் அதற்கு மேலோ கீழோ தேயாமல் எஞ்சிய சுவரைத் தொட்டுக்கொண்டு ஓடும். நரைத்துப்போய்க் கிடந்த ஒரு தட்டிலிருந்து, முள்ளை மாற்றியவுடன் விரல் கிதார்த் தந்தியை இழுக்கும் ஓசை எழுந்து வருவதைக் கேட்ட எவரும் அதை மறக்க மாட்டார்கள். கூடவே, தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைச் சமன்செய்ய 1954க்குப் பின் பொதுவாகிவிட்ட சமனாக்க வளைவை இந்தத் தட்டுகளுக்கும் பொருத்துவது, வேகம் எல்லாவற்றுக்கும் 78 என்றே நம்புவது ஆகிய இரண்டையும் தவிர்க்க வேண்டும். 1920களின் நிறுவனங்கள் வேகத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை. கணினியில் ஏற்றும்போது, இரைச்சலை நீக்காத கச்சாப் பதிவு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலோடு மூச்சும் போய்விட்ட கோப்பிலிருந்து அதைத் திரும்பப் பெற வழியில்லை.

வாங்கும்போது நடக்கும் தவறுகளில் பெரியது, லேபிளில் அச்சிட்ட பட்டியல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘இது என்னிடம் இருக்கிறது’ என்று ஒதுக்கிவிடுவது. டெக்சாஸைச் சேர்ந்த பாடகர் பிளைண்ட் லெமன் ஜெபர்சனின் பாராமவுண்ட் 12354 இதற்கு நல்ல சான்று. 1926இல் வெளிவந்த அந்தத் தட்டு விற்ற வேகத்தில் அச்சுகள் தேய்ந்துபோகவே, அதே ஆண்டு மே மாதம் அவரை மீண்டும் அழைத்து அதே பாடல்களைப் பாடவைத்து, அதே எண்ணில் வெளியிட்டார்கள். லேபிளில் எண் ஒன்றுதான்; உள்ளே இருக்கும் பாட்டோ வேறு. உண்மையைச் சொல்வது லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே பொறிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் மேட்ரிக்ஸ் எண். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து அந்த எண்ணைப் படிக்கப் பழகுவது சேகரிப்பாளரின் அரிச்சுவடி. படித்த எண்ணைச் சரிபார்க்க, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் இணையத்தில் நடத்தும் அமெரிக்க ஒலிப்பதிவுப் பட்டியல் யாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது.

பெயரும் இதுபோல் ஏமாற்றும். பேட்டனின் ஒரு தட்டைப் பாராமவுண்ட் ‘முகமூடி அற்புதர்’ என்ற பெயரில் வெளியிட்டு, பாடியவர் யாரென்று சரியாகச் சொல்வோருக்கு ஒரு தட்டு இலவசம் என்று விளம்பரம் செய்தது. அவருடைய பக்திப் பாடல்கள் எல்டர் ஜே. ஜே. ஹாட்லி என்ற பெயரிலும், ஜெபர்சனின் பக்திப் பாடல்கள் டீக்கன் எல். ஜே. பேட்ஸ் என்ற பெயரிலும் வந்தன. மிசிசிப்பிப் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936இலும் 1937இலும் சான் அன்டோனியோவிலும் டாலஸிலும் பதிவு செய்தவற்றில் சில, வோகேலியன் லேபிளோடு பெர்ஃபெக்ட், ஓரியோல் போன்ற மலிவு விலைக் கடை லேபிள்களிலும் கிடைத்தன. பெயர் தெரியாத லேபிள், பெயர் தெரியாத பாடகர் என்று பெட்டியோடு தள்ளிவிடுவோர் எதைத் தள்ளுகிறோம் என்று அறிவதில்லை.

பழையது என்பதாலேயே அரியது என்று எண்ணிப் பணத்தை இழப்போரும் உண்டு. அமெரிக்காவில் 1927இல் ஏறத்தாழ பத்துக் கோடித் தட்டுகள் விற்றன. பொருளாதாரப் பெருமந்தத்தில் 1932இல் அது சுமார் அறுபது லட்சமாக விழுந்தது. ஆகவே 1927இன் பெருவெற்றியான, பாடகர் ஜிம் ஜாக்சனின் தட்டு இன்றும் கண்ணில் படும். 1930 முதல் பாராமவுண்ட் வெளியிட்டவற்றில் பல விரல்விட்டு எண்ணும் அளவிலேயே தப்பின. அந்நிறுவனம் வெளியிட்ட, பாடகர் டாமி ஜான்சனின் ஒரு தட்டு 2013இல் 37,100 டாலருக்கு விற்றது அதனால்தான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எல்லா ப்ளூஸ் தட்டுக்கும் அந்தக் கணக்கைப் போடுவது பிழை.

தட்டின் நிலையைப் புகைப்படத்தைக் கொண்டு முடிவு செய்வதும் பிழையே. பளபளப்பான தட்டு உரத்த இடங்களில் கரகரக்கலாம். கீறல் விழுந்த தட்டு அருமையாகப் பாடலாம். விற்பவர் ஓட்டிக் கேட்டாரா, பார்த்து மட்டும் தரம் போட்டாரா, மயிரிழை விரிசல் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். பாராமவுண்ட் மலிவான கலவையைப் பயன்படுத்தியதால் அதன் புதுத்தட்டே இரைந்தது. பல அடுக்குகளாகச் செய்யப்பட்ட கொலம்பியா தட்டோடு அதை ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமாகாது.

பொதியைப் பற்றி முன்கூட்டியே பேசாமல் பணம் அனுப்பாதீர்கள். எனக்கு வந்த முதல் தட்டு ஒற்றை அட்டைப் பெட்டியில், செய்தித்தாள் சுற்றி வந்தது. பெட்டியைத் தூக்கியபோதே உள்ளே ஓட்டுச் சில்லு உரசுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது; உறையைத் திறந்தால் மூன்று துண்டுகள், லேபிள் மட்டும் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இரு பக்கமும் தட்டைவிடப் பெரிய கெட்டி அட்டை வைத்துக் கட்டி, அதைப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, இடையில் நான்கு விரற்கடை மெத்தை கொடுத்து அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் பழுதில்லாமல் வரும். வீட்டில் தட்டுகளை அமில நீக்கம் செய்த காகித உறையில் இட்டு, சாயாமல் நேராக நிறுத்தி, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு உடையும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, தட்டு எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவைக்காமல் விடுவது. 1960களில் மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தட்டு வாங்கிய கெய்ல் டீன் வார்ட்லோ, வாங்கியதோடு நிற்காமல், பாடகர்களை அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். 1968இல் ராபர்ட் ஜான்சனின் இறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் தன் ஊரான அவலானைப் பற்றிப் பாடியதைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் 1963இல் அவரை அங்கேயே உயிரோடு கண்டார்கள். உறையில் பென்சிலால் எழுதிய பெயர், லேபிளில் ஒட்டிய கடைச் சீட்டு, தட்டை விற்ற குடும்பம் சொன்ன கதை ஆகியவற்றை அழிக்காமலும் மறக்காமலும் பதிவு செய்யுங்கள். தட்டின் மதிப்பை அறியாத குடும்பத்திடம் அதன் விலையை மறைத்து வாங்குவது, பாடியவர்களுக்கு அன்று நிறுவனங்கள் செய்த அநீதியை நாமும் தொடர்வதாகும்.

இன்னும் கிடைக்காத தட்டுகள் இருக்கின்றன. பாடகர் சன் ஹவுஸின் பாராமவுண்ட் 13096 எழுபது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டு இந்த நூற்றாண்டில்தான் வெளிப்பட்டது. பாடகர் வில்லி பிரவுனின் பாராமவுண்ட் 13099 இன்றும் அகப்படவில்லை. அப்படிப்பட்ட எண் ஒன்று எதிர்ப்பட்டால் துடைக்காதீர்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள். லேபிளையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் படமெடுத்துக்கொண்டு, இரு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, பழைய தட்டுகளைப் பதிவெடுத்துக் கைதேர்ந்த ஒருவரிடம் நேரில் கொண்டு செல்லுங்கள்.