புதுப் பேனாக்கத்தியின் பிடியில் கோடு: திருப்பி அனுப்பும் முன் செய்யும் தவறுகள்

பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். கூர் எப்படி இருக்கிறது, மடக்கும்போது 'டக்' என்று விழுகிறதா, அலகு ஆடுகிறதா என்று சோதித்து முடிப்பார்கள். பிடியின் பக்கம் கண் போக ஒரு வாரம் ஆகிவிடுகிறது. அதற்குள் கத்தி நாலு பார்சலைப் பிரித்திருக்கும், ஒரு மாங்காயையும் கீறியிருக்கும். அப்புறம்தான் கேள்வி வருகிறது: "ஆணிக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. திருப்பி அனுப்பணுமா, வைத்துக்கொள்ளலாமா?"

புதிதாகக் கத்தி வாங்குகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னும் பின்னும் செய்யும் தவறுகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கின்றன. இன்று அறிவுரை சொல்கிற பழைய கைகளும் ஒரு காலத்தில் இதையெல்லாம் செய்தவர்கள்தாம். பில்லைப் பத்திரமாக வை, பெட்டியைத் தூக்கிப் போடாதே என்பதெல்லாம் தெரிந்த சங்கதி, அதை விட்டுவிடலாம்.

இங்கே பேசுவது பூட்டு இல்லாத, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிற பழைய பாணிப் பேனாக்கத்திகளைப் பற்றி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டில் செய்யப்படும் கேஸ் கத்திகளும், அதே மாநிலத்தின் டைட்டஸ்வில்லில் செய்யப்படும் கிரேட் ஈஸ்டர்ன் கத்திகளும் இந்த இனம். உள்ளே இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு, நடுவில் முதுகு ஸ்பிரிங், முனையில் நிக்கல் சில்வர் என்னும் வெண்ணிற உலோகக் கலவையில் செய்த காப்பு (போல்ஸ்டர் என்பார்கள்), பித்தளைத் தகட்டின் மேல் சாயமேற்றிய மாட்டெலும்புத் தகடு. அந்த எலும்பைப் பிடித்து நிறுத்துவது குறுக்கே போகும் சின்ன ஆணிகள். பிடியில் வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த எலும்பும் உலோகமும் சந்திக்கிற இடத்தில்தான் தொடங்குகின்றன.

எலும்பின் இயல்பைக் குறை என்று நினைப்பது

கீழ்க்கால் எலும்பை அறுத்து, பள்ளம் பள்ளமாகச் செதுக்கி, சாயத்தில் ஊறவைத்துத்தான் இந்தப் பிடி செய்யப்படுகிறது. எலும்பில் இரத்தக் குழாய் ஓடிய தடங்கள் உண்டு. அவை ஊசிமுனைப் புள்ளிகளாகவோ, நீளவாக்கில் ஓடும் மெல்லிய கருங்கோடுகளாகவோ தெரியும். ஒரு பக்கம் கொஞ்சம் கருப்பாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கலாம். செதுக்கலின் ஆழம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். இதற்காகத் திருப்பி அனுப்பினால், அடுத்து வருவதிலும் இதே போன்ற ஒன்று இருக்கும்.

விரிசலை இனம் காண்பதற்கு மூன்று சோதனை போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பிடிக்குக் கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் வைத்து அடியுங்கள். இயற்கைக் கோடு மேற்பரப்போடு சமமாக இருக்கும். விரிசலின் ஒரு கரை மட்டும் ஒளிர்ந்து மறு கரை நிழல் விழும். அடுத்து, கட்டை விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். மாட்டினால் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது, ஒரு சிட்டிகைப் பஞ்சை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். செதுக்கிய பள்ளங்களில் பஞ்சு எப்படியும் மாட்டும் என்பதால், ஆணியைச் சுற்றியும் போல்ஸ்டருக்குப் பக்கத்திலும் உள்ள வழுவழுப்பான இடத்தில் மட்டும் இழுக்க வேண்டும். விரிசல் இருந்தால் ஒன்றிரண்டு இழை அங்கேயே நின்றுவிடும், வெள்ளை மயிர் முளைத்த மாதிரி.

நிறமும் ஒரு துப்பு. சாயம் ஏற்றிய பிறகு பிளந்த எலும்பின் உட்புறம் வெளிறித் தெரியும். சாயத்துக்கு முன்பே இருந்த கோடு சாயத்தைக் குடித்துக் கருத்திருக்கும்.

கோடு ஆணியிலிருந்து புறப்படுகிறதா என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

ஆணியடி விரிசலுக்குப் பசை விடுவது

இந்தத் தவறு மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிட அதிக நஷ்டம் தருகிறது. எத்தனை தடவை சொன்னாலும் நிற்கவில்லை, அதனால் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நடப்பது இப்படித்தான். கோடு ஐந்தாறு மில்லிமீட்டர்தான் இருக்கும். கத்தி மனதுக்குப் பிடித்துவிட்டது. திருப்பி அனுப்பினால் இதே நிறம் கிடைக்காது என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். யாரோ ஒருவர் "ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடுங்க, தெரியவே தெரியாது" என்பார். விட்டதும் கோடு உண்மையிலேயே மறைந்த மாதிரிதான் இருக்கும். இரண்டு வாரத்தில் அதே ஆணியிலிருந்து மறுபக்கம் இன்னொரு கோடு கிளம்பும்.

விரிசல் ஏன் வந்தது என்று தெரிந்தால் பசை ஏன் உதவாது என்பதும் புரியும். ஆணியைத் துளையில் விட்டு, அதன் தலையைத் தட்டியோ சுழற்றி அழுத்தியோ பரப்பித்தான் எலும்புத் தகட்டை இறுக்குகிறார்கள். கொஞ்சம் அதிகமாகப் பரப்பினால் ஆணி துளைக்குள் ஆப்பு மாதிரி நின்று எலும்பை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். எலும்பின் நார் நீளவாக்கில் ஓடுவதால், மூங்கில் பிளப்பது போல அந்த வாக்கிலேயே பிளக்கும். இதோடு காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. ஈரக்காற்றில் எலும்பு ஊதும், உலர்காற்றில் சுருங்கும். பித்தளையும் எஃகும் அப்படி அசையாது. இரண்டு ஆணிக்கு நடுவே கட்டுண்டு கிடக்கிற எலும்பு சுருங்க இடமில்லாமல் பலவீனமான இடத்தில் விட்டுக்கொடுக்கிறது. பசை பிளவைத்தான் நிரப்புகிறது. ஆணி தள்ளுகிற விசை அப்படியே இருக்கிறது, சுருக்கமும் அப்படியே இருக்கிறது. அதனால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் விட்டுக்கொடுக்கும்.

அதைவிட மோசமான விளைவு உள்ளே நடக்கிறது. இந்த வகைப் பசை தண்ணீர் மாதிரி மெலிதாக இருப்பதால் எந்தச் சந்து கிடைத்தாலும் தானாக ஊர்ந்து போகும். விரிசல் வழியாக ஆணித் துளைக்குள் இறங்கி, எலும்புக்கும் பித்தளைக்கும் நடுவே பரவும். விரிசல் போல்ஸ்டர் பக்கத்தில் இருந்தால் அலகு சுழலும் ஆணி வரைக்கும் போய்விடும். மறுநாள் அலகு திறக்க வராது. வலுக்கட்டாயமாக இழுத்து நகம் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. வெளியே பசையின் ஆவி படிந்து, கருஞ்சிவப்புப் பிடியில் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை மேகம் நிற்கும். அதைத் துடைக்க அசிட்டோன் தொட்டால், ஆணியைச் சுற்றியிருக்கும் சாயமும் மெருகும் வெளிறக்கூடும்.

இத்தனைக்குப் பிறகு "சரி, திருப்பி அனுப்பிவிடலாம்" என்று தோன்றும். கடைக்காரர் உருப்பெருக்கியில் பார்த்தால் விரிசலில் கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு. வாங்கியவர் கைவைத்த கத்தி என்று மறுப்பார், அது நியாயமும்கூட. முழுப் பணம் திரும்பி வந்திருக்க வேண்டிய ஒரு குறை, ஒரு சொட்டுப் பசையால் வாங்கியவரின் குறையாக மாறிவிடுகிறது. இரண்டு பக்கத் தபால் செலவும் அவர் தலையில்.

ஆகவே ஆணியிலிருந்து கிளம்பும் கோட்டில் நகம் மாட்டினால் திருப்பி அனுப்புங்கள். நகம் மாட்டவில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றால் மில்லிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, மூன்று நாள் கழித்து அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் அது ஓடுகிற விரிசல், அனுப்பிவிடலாம். இந்த மூன்று நாளும் கத்தி சாதாரண அறையில் இருக்கட்டும். ஏசி காற்றுக்கு நேரேயும் வேண்டாம், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடும் வேண்டாம். இரண்டும் எலும்பை வேகமாக உலர்த்தும்.

பசைக்கு இடமே இல்லை என்றில்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிந்த, உத்தரவாதமும் இல்லாத பழைய கத்தி என்றால், விரிசலில் எண்ணெய் இல்லாமல் உலர வைத்து, போல்ஸ்டர் ஓரத்தை டேப்பால் மூடி, பல்குத்தும் குச்சி நுனியால் தொட்டு வைக்கலாம். புதுக் கத்திக்கு அந்த வேலை வேண்டாம்.

எல்லா இடைவெளியையும் ஒரே மாதிரி பார்ப்பது

எலும்புக்கும் போல்ஸ்டருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி பருவத்தைப் பொறுத்து வந்து போகும். சாதாரண நகல் தாள் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கனம். அதன் விளிம்பு நுழையவில்லை என்றால், புழங்குவதற்கான கத்தியில் அதைப் பொருட்படுத்த வேண்டாம். தாள் தாராளமாக நுழைந்து நின்றால் பொருத்துதலே சரியில்லை என்று அர்த்தம்.

எலும்புக்கும் பித்தளைக்கும் நடுவே உள்ள இடைவெளி வேறு. எலும்புத் தகட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தாலோ, ஓரத்தில் எண்ணெய் கசிந்தாலோ, மெல்ல ஒரு 'க்ளிக்' கேட்டாலோ தகடு தூக்கியிருக்கிறது. அந்தச் சந்தில் வியர்வை இறங்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும், கார்பன் எஃகு என்றால் ஸ்பிரிங்கில் துரு ஏறும். அனுப்பிவிடுங்கள்.

முதுகு ஸ்பிரிங்குக்கும் பித்தளைக்கும் நடுவே வெளிச்சம் தெரிவது பிடியின் குறை ஆகாது. அது அழகுக் குறை. அலகு ஆடாத வரை வேலைக்குத் தடையில்லை. சேகரிக்க வாங்கியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆணித் தலையைத் தேய்ப்பது

ஆணித் தலையைத் தேய்க்கும்போது சுற்றியுள்ள எலும்பும் தேயும். சாயம் மேலோட்டமாகத்தான் ஏறியிருக்கும்; உப்புக்காகிதம் பட்ட இடம் வெளுக்கும்.

எண்ணெய் பூசிப் பார்ப்பது

விரிசல் எண்ணெயைக் குடித்துக் கருத்து, படத்தில் இயற்கைக் கோடு மாதிரி விழும். முடிவெடுக்கும் வரை பிடியில் எதையும் தடவாதீர்கள்.

தீட்டுவது

தீட்டிய கத்தியைக் கடை புதுசாக எடுத்துக்கொள்ளாது.

எல்லாப் பிடிக்கும் இதே கணக்குப் போடுவது

விக்டோரினாக்ஸின் சிவப்புப் பிடி செல்லிடார் என்னும் பிளாஸ்டிக். அது பித்தளை ரிவிட் முனைகளில் அழுத்திப் பொருத்தப்பட்டது. ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் துணி வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாலே உட்கார்ந்துவிடுவது உண்டு. பிளந்திருந்தாலும் பிடியை மட்டும் மாற்ற முடியும், கத்தியைப் பிரிக்க வேண்டியதில்லை. அசிட்டோன் மட்டும் படக்கூடாது, அது இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

பிரான்சின் ஓப்பினெல் கத்திக்குப் பெரும்பாலும் பீச் மரப் பிடி. மழைக்காலத்தில் மரம் ஊதி அலகு இறுகினால் அது குறையில்லை, உலர்ந்ததும் தளரும். அலகு உட்காரும் பிளவின் அடியிலிருந்தோ உலோக வளையத்துக்குள்ளிருந்தோ கிளம்பும் வெடிப்பு மட்டும் திருப்பி அனுப்பத் தக்கது. வளையத்தின் பிடிமானம் அந்த மரத்தில்தான் நிற்கிறது.

கடையை விட்டுவிட்டு நேரே தொழிற்சாலைக்கு எழுதுவது

எலும்புத் தகடு ஆணியடித்து இறுக்கப்பட்டது என்பதால், அதை மாற்ற ஆணிகளை அறுத்தெடுத்து மறுபடி பொருத்த வேண்டும். பல சமயம் முழுக் கத்தியையே மாற்றித் தருவதுதான் சுலபம். மாற்றாக வருவது நீங்கள் வாங்கிய அதே நிறமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தக் கடிதப் போக்குவரத்து நடக்கும்போதே கடையின் கெடு முடிந்துவிடும். முதலில் கடை, பிறகுதான் தொழிற்சாலை. இந்தியாவில் இணையத்தில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. வெளிநாட்டுக் கடையில் நேரடியாக வாங்கியிருந்தால், தபால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அனுப்புங்கள்.

"தரம் சரியில்லை" என்று எழுதுவது

அப்படி எழுதினால் பதில் வருவதற்கு முன் நாலு கேள்வி வரும். குறை எங்கே, எவ்வளவு என்று எழுதுங்கள்: "முன்பக்கத் தகடு, அலகுப் பக்கத்து ஆணியிலிருந்து ஓரம் நோக்கி 6 மி.மீ. விரிசல், நகம் மாட்டுகிறது, கத்தி உபயோகிக்கப்படவில்லை." கேஸ் கத்தி என்றால் அலகின் அடியில் பொறித்த எண்ணையும் சேர்க்கலாம். 6254 என்பதில் 6 செதுக்கிய எலும்புப் பிடியையும், 2 இரண்டு அலகையும், 54 டிராப்பர் (Trapper) என்னும் கத்தி வடிவத்தையும் குறிக்கும். படங்கள் நாலு: இரண்டு பக்கமும் முழுதாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் விரிசல் அளவுகோலோடு, அலகடி முத்திரை.

கட்டும்போது எல்லா அலகையும் மடக்கி, வெறும் காகிதத்தில் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட் போட்டால் அதிலுள்ள கந்தகம் பித்தளையையும் நிக்கல் சில்வரையும் கருக்கும். அதையும் உங்கள் கணக்கில் எழுதுவார்கள். வந்த பெட்டியிலேயே வைத்து, வெளியே இன்னொரு அட்டைப்பெட்டி போட்டு, மூடுவதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்துவிட்டு அனுப்புங்கள்.