கிளி பார்க்கப் போகிறவர்கள் குறிப்பேட்டில் செய்யும் தவறுகள்

கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு தண்ணீர்மலைப் பக்கம் கிளம்புகிறவர்களுக்குப் பினாங்கில் இப்போது குறைவில்லை. பார்த்ததை அங்கேயே இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் என்ற கைப்பேசிச் செயலிகளில் பதிந்தும் விடுகிறார்கள். எந்தப் பறவை எங்கே குறைகிறது, எது புதிதாகப் பரவுகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பதிவுகளையும் எடுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே நம் பிழை நம் கைப்பேசியோடு நிற்பதில்லை.

இருப்பதிலேயே பெரிய தவறு, கிளி கண்ணில் படாத நாளில் ஒன்றுமே எழுதாமல் வீடு திரும்புவது. இரண்டு மணி நேரம் நடந்தும் ஒரு கிளிகூட இல்லை என்பதும் தகவல்தான். கண்ட நாள்களை மட்டும் பதிந்துகொண்டே போனால், பின்னாளில் பட்டியலைப் புரட்டுகிறவருக்கு அங்கே கிளி நித்தமும் இருந்த மாதிரித்தான் தெரியும். இபேர்ட் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும்: உங்களால் அடையாளம் காண முடிந்த பறவைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா? காக்கையையும் மைனாவையும் ‘இதெல்லாம் எதற்கு’ என்று விட்டுவிட்டு ‘ஆம்’ என்று தட்டுகிறவர்கள் உண்டு. அந்த ‘ஆம்’-ஐ நம்பித்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று தென்படவில்லை என்று முடிவெடுக்கிறார்கள். கிளியை மட்டும்தான் தேடினீர்களா, ‘இல்லை’ என்று தட்டுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம் இவை மூன்றும் இல்லாத எண்ணிக்கையை வைத்து யாரும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, பச்சையாகப் பறந்ததெல்லாம் பச்சைக்கிளி என்று எழுதுவது. ஊரில் கிளி ஜோசியக்காரரின் கூண்டில் பார்த்துப் பழகிய கிளி ஆணாக இருந்தால், கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த வளையம் இருக்கும். இந்திய வகை அது. மலேசியாவில் வெளியே பறந்தால் வளர்ப்பிலிருந்து தப்பியதோ, தப்பியவற்றின் வாரிசோதான். இந்த மண்ணில் இயல்பாகவே வாழும் நீள்வால் கிளிக்குக் கழுத்து வளையம் கிடையாது. கன்னம் சிவந்திருக்கும், அலகுக்குக் கீழே கறுப்புத் தாடி மாதிரி ஒரு பட்டை ஓடும். ஆணுக்கு மேல் அலகு சிவப்பு, பெட்டைக்குப் பழுப்பு. உலக அளவில் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கும் பறவை இது. இரண்டையும் குழப்பிவிட்டால், தப்பிய கிளி பெருகுவது உள்ளூர்க் கிளி செழிப்பதாகக் கணக்கில் ஏறிவிடும். தென்னம்பாளையில் தலைகீழாகத் தொங்குகிற, கைப்பிடிக்குள் அடங்கும் வால்கட்டைக் குட்டி இருக்கிறதே, அது செரிண்டிட். கிளி இனம்தான், குஞ்சு அல்ல. உச்சிக்கிளையில் உட்கார்ந்து ‘டொங், டொங்’ என்று சலிக்காமல் தட்டுகிற பச்சைப் பறவையோ குக்குறுவான். கிளிக்கு உறவே இல்லை. சந்தேகம் என்றால் ‘ஏதோ ஒரு கிளி’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. கூண்டுப் பறவையைப் படம் எடுத்தால், அது வளர்ப்புப் பறவை என்று குறிக்க ஐநேச்சுரலிஸ்ட்டில் வசதி இருக்கிறது. அதைத் தொடாமல் விடுவதால்தான் காட்டில் இல்லாத பறவையெல்லாம் வரைபடத்தில் முளைக்கிறது.

சாயங்காலம் அடைய வரும் கூட்டத்தை எண்ணும்போது பலரும் உட்கார்ந்த பிறகு மரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்குகிறார்கள். பச்சை இலைக்குள் பச்சைக்கிளி, எப்படித் தெரியும்? போதாக்குறைக்குக் கூட்டம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் அதையே மறுபடியும் எண்ணுகிறார்கள். வருகிற வழியில் எண்ணுங்கள். திசைக்கு ஒருவர் நின்று, உள்ளே வந்ததைக் கூட்டி, எழும்பிப் போனதைக் கழித்து, இருட்டும் வரை நேரத்தோடு குறியுங்கள்.

கைப்பேசியில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. முட்டைமேல் இருக்க வேண்டியது, எதிரி வந்துவிட்டதென்று கூட்டை விட்டு வந்து பதறுகிறது. நம் எண்ணிக்கையும் கெடுகிறது. குரங்குக்குக் கடலை போடுவதும் அப்படித்தான். தீனி கிடைக்கும் இடத்தில் கூட்டம் சேரும், பார்க்கிறவர் குரங்கு பெருகிவிட்டதாக எழுதுவார்.

இடத்தைச் சொல்வதில் மட்டும் தாராளம் வேண்டாம். அபாயத்தில் உள்ள இனங்களின் இருப்பிடத்தை ஐநேச்சுரலிஸ்ட் பெரும்பாலும் தானே மங்கலாக்கிவிடும். நம் ஆட்களோ கீழே ‘கோயில் படிக்குப் பின்னால், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துப் பட்டமரம், இரண்டாவது பொந்து’ என்று எழுதிவைப்பார்கள். குஞ்சைத் திருடி விற்கிறவனுக்கும் வாசிக்கத் தெரியும்.

பார்த்ததற்குக் காரணம் கற்பிப்பது இன்னொரு வழுக்கல். வெனிசுவேலாவில் ஒரு சிறு கிளியினத்தில் குஞ்சுகளின் அழைப்பொலி பெற்றோரின் ஒலியை ஒத்திருந்தது. பிறவியிலேயே வருவது என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். கார்ல் பெர்க் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் கூடுகளுக்கிடையே முட்டைகளை மாற்றி வைத்தார்கள். குஞ்சுகள் வளர்த்தவர்களின் ஒலியைத்தான் பெற்றிருந்தன. சும்மா நின்று பார்த்தால் இது தெரிய வழியில்லை. ஐரீன் பெப்பர்பர்க் 1977-இல் வாங்கி, 2007-இல் அது சாகும்வரை ஆராய்ந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அலெக்ஸ் நிறமும் வடிவமும் சொல்லும். கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறதோ என்ற சந்தேகம் எழாதிருக்க, பழக்கியவர் அல்லாத வேறொருவரைச் சோதிக்க வைத்தார்கள். ‘எங்கள் வீட்டுக் கிளிக்கு எல்லாம் புரியும்’ என்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

பினாங்கின் தெலுக் பஹாங்கில், குரங்குகள் கடந்துபோக 2019-இல் சாலைக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாய்களால் கட்டிய குரங்குப் பாலத்தைப் பற்றியும் ஒரு மாலை நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை. அதில் கேமரா பொருத்தியதே ஆளில்லாத நேரத்தில் என்ன கடக்கிறது என்று பார்க்கத்தான்.

செத்த கிளியையோ எச்சம் காய்ந்த கூண்டையோ வெறுங்கையால் தொடாதீர்கள். எச்சத்தூள் மூச்சில் போனால் சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் காய்ச்சல் வரலாம். காய்ச்சல் கண்டு கிளினிக்குப் போனால், பறவையைத் தொட்டதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சாதாரணச் சளிக்காய்ச்சல் போலத் தொடங்குவதால், நாம் சொல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகாது.