93 விநாடி டெமோ: பஞ்சாரிக் கணக்கில் ஒரு முதல் நிரல்

டெமோ என்பது விளையாட்டும் அன்று, வீடியோவும் அன்று. தொடங்கிவைத்தபின் யாரும் ஒரு விசையைக்கூடத் தொடாமல், படத்தையும் ஓசையையும் அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டுக் காட்டிவிட்டுத் தானே முடிந்துபோகும் நிரல் அது. 1980-களில் காமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளில் விளையாட்டுகளின் நகல் தடுப்பை உடைத்தவர்கள், தங்கள் பெயரைப் பறைசாற்றுவதற்காக விளையாட்டின் முன்னால் ஒட்டிவைத்த சிறு அறிமுகங்களிலிருந்து இந்தக் கலை பிறந்தது. நாளடைவில் பூட்டு உடைக்கும் வேலை ஒருபக்கம் ஒதுங்க, அறிமுகம் மட்டும் தனிக் கலையாகி, அதைச் செய்வோரின் கூட்டத்துக்கு டெமோசீன் என்ற பெயரும் நிலைத்தது. பின்லாந்து 2020-லும் ஜெர்மனி 2021-லும் இதைத் தங்கள் அருவப் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன.

நான் இருப்பது பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையில். விடுமுறை நாள்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு நிரல் எழுதக் கற்றுத் தருகிறேன். முதல் டெமோ எழுதுபவர் எல்லாரும் படத்தில் தொடங்கி, கடைசியில் இசையை ஒட்டவைக்கப் பார்த்துத் தடுமாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதனால் இங்கே வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் காலக் கணக்கு, பிறகு படம், பிறகு ஓசை என்று வைத்திருக்கிறேன்.

கருவியாக டிக்-80 என்னும் கற்பனைக் கணினி போதும். உண்மையில் இல்லாத ஒரு பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் அது. 240-க்கு 136 பிக்சல் திரை, 16 நிறங்கள், நான்கு ஒலித் தடங்கள் என்று எல்லாம் அளவோடுதான் கிடைக்கும். உலாவியிலேயே இயங்கும் வடிவமும் உண்டு என்பதால் பழைய மடிக்கணினியே போதுமானது. லூவா மொழியில் எழுதலாம். டிக் என்ற பெயரில் ஒரு செயற்கூறு எழுதினால், அதை இயந்திரம் விநாடிக்கு 60 முறை அழைக்கும். நேரத்தைக் கேட்டால், நிரல் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி கடந்தன என்று சொல்லும். கீழே புரிதலுக்காகத் தமிழில் எழுதியிருக்கும் மாறிகளை நிரலில் ஆங்கில எழுத்துகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். லூவா தமிழ் எழுத்தில் மாறிப் பெயரை ஏற்காது.

இனி காலக் கணக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் செண்டை மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பஞ்சாரி தெரிந்திருக்கும். ஆறு அட்சரத் தாளத்தில் (அட்சரம் என்பது தாளத்தின் ஓர் எண்ணிக்கை) அமைந்த அந்த மேளத்தில், முதல் காலத்தின், அதாவது முதல் வேகநிலையின், ஒரு சுற்று 96 அட்சரம். அடுத்தடுத்த காலங்களில் அது 48, 24, 12, 6 எனப் பாதிபாதியாகக் குறைந்துகொண்டே வரும். மேளக்காரர்கள் ஒவ்வொரு காலத்திலும் பல சுற்றுகள் கொட்டுவார்கள். நாம் அந்த எண்களை மட்டும் கடன் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு காட்சியின் நீளமாக வைத்துக்கொள்வோம். ஓர் அட்சரத்துக்கு அரை விநாடி கொடுத்தால் காட்சிகள் முறையே 48, 24, 12, 6, 3 விநாடி ஓடும். மொத்தம் 186 அட்சரம், அதாவது 93 விநாடி. முதல் டெமோவுக்கு இதைவிட நீளம் வேண்டாம்.

நிரலில் இது மிக எளிது. நேரத்தை 500 ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் இப்போது எத்தனையாவது அட்சரம் என்பது கிடைக்கும். அது 96-க்குக் கீழ் இருந்தால் முதல் காட்சி, 144-க்குக் கீழ் இரண்டாவது, 168-க்குக் கீழ் மூன்றாவது, 180-க்குக் கீழ் நான்காவது, 186-க்குக் கீழ் ஐந்தாவது. படத்தில் அசைவது எதுவானாலும் நேரத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்பதை இங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு மாறியில் 1 கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் பலருக்கு உண்டு. கணினி திணறும் இடத்தில் அந்த எண் பின்தங்கிவிடும், ஓசையோ முன்னே போய்விடும். என்னுடைய முதல் டெமோ அப்படித்தான் வீட்டில் பொருந்தி ஓடி, வேறோர் ஊரில் நண்பரின் பழைய கணினியில், மேளம் முடிந்தும் நகராத யானையைப்போல நின்றது.

முதல் காட்சிக்கு, நிறங்கள் அலையலையாகக் கலந்து நகரும் படமான பிளாஸ்மாவை எழுதுவோம். டெமோசீனில் மிகப் பழைய உத்திகளுள் ஒன்று இது; பழையது என்பதால் தாழ்வில்லை. ஒரு புள்ளியின் கிடைநிலையை ‘கி’ என்றும், மேலிருந்து கீழான நிலையை ‘நெ’ என்றும், விநாடிக் கணக்கிலான நேரத்தை ‘கா’ என்றும் கொண்டால், சைன்(கி ÷ 16 + கா), சைன்(நெ ÷ 11 − கா), சைன்((கி + நெ) ÷ 20 + கா ÷ 2) ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும். கிடைக்கும் தொகை −3-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். அதோடு 3 கூட்டி, 6 ஆல் வகுத்து, 4 ஆல் பெருக்கி, 8 கூட்டினால் 8 முதல் 12 வரையிலான நிற எண் வரும். ஏன் 8 முதல் 12 என்றால், டிக்-80 தொடக்கத்தில் தரும் 16 நிறங்களில் அந்த ஐந்தும் கருநீலத்தில் தொடங்கி வெள்ளை வரை படிப்படியாக வெளிறிச் செல்பவை. சூடான நிறம் வேண்டுமென்றால் 1 முதல் 4 வரை ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று போகும். பதினாறையும் கலந்து தெளித்தால் திரை சந்தைத் துணிக்கடைபோல் ஆகிவிடும். நிறங்களையே மாற்றவும் வழி உண்டு: நினைவகத்தில் 16320-ஆம் முகவரியிலிருந்து 48 பைட்டுகளில் அவற்றின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் இருக்கின்றன, அந்த 48 இடங்களிலும் வரிசை எண்ணை 5 ஆல் பெருக்கி வைத்தால் கருப்பிலிருந்து வெள்ளை வரை 16 படிகள் ஒரே வரியில் அமைந்துவிடும்.

திரையில் 32,640 பிக்சல்கள் உள்ளன. விநாடிக்கு 60 முறை என்றால் ஏறத்தாழ 19.6 லட்சம் கணக்கு. பழைய கணினி திணறினால், இரண்டிரண்டு பிக்சலாகத் தாவி 2-க்கு 2 சதுரங்களை வரையுங்கள். வேலை 8,160 சதுரங்களாகச் சுருங்கும், தோற்றமும் அவ்வளவாகக் கெடாது.

இந்தப் பிளாஸ்மா 48 விநாடி தாங்க வேண்டும் என்பதுதான் கடினம். எட்டு விநாடியில் கண் சலித்துவிடும். அதனால் முதல் 32 அட்சரங்களுக்கு ஒரு சைன் மட்டும், அடுத்த 32-க்கு இரண்டு, கடைசி 32-க்கு மூன்றும் என்று சேருங்கள். கூட்டிய சைன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 3, 6 என்ற எண்களையும் மாற்ற மறக்க வேண்டாம். அட்சரம் விழும்போது படம் துடிக்கவும் வேண்டும்: நேரத்தை 500 ஆல் வகுத்தால் வரும் மீதியை மறுபடியும் 500 ஆல் வகுத்து, 1-இலிருந்து கழித்தால், கோல் விழுந்தவுடன் 1 ஆக இருந்து மெல்லத் தேய்ந்து 0-க்கு வரும் எண் கிடைக்கும். அதைச் சைனுக்குள் கூட்டினாலே போதும், படம் தாளம் போடும். திரை முழுவதையும் பளிச்சிட வைப்பதானால் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது; வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நம் அரை விநாடிக் கணக்கு விநாடிக்கு இரண்டோடு நின்றுவிடுகிறது.

இரண்டாம் காட்சி சுரங்கம். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவிலிருந்து உள்ள தொலைவையும் கோணத்தையும் கண்டுபிடித்து, 1000-ஐத் தொலைவால் வகுத்து நேரத்தைக் கூட்டினால் ஆழம் கிடைக்கும். கோணத்தை 16 ÷ பை (π) என்பதால் பெருக்கினால் வட்டம் 32 துண்டாகப் பிரியும். இந்த இரண்டையும் முழு எண்ணாக்கி, எக்ஸார் செய்து (இரும இலக்கங்களான பிட்டுகள் வேறுபடும் இடத்தில் 1, ஒத்திருக்கும் இடத்தில் 0 வைத்து), கடைசி இரண்டு பிட்டுகளை மட்டும் எடுத்து 8 கூட்டினால், கட்டம்கட்டமான சுவர்களுக்கு நடுவே நாம் பறந்துபோவதுபோல் தோன்றும். 32 என்பது 4-இன் மடங்காக இருப்பதால்தான் வட்டத்தின் தொடக்கமும் முடிவும் தையல் தெரியாமல் சேர்கின்றன. கோணத்தை வேறு ஏதோ எண்ணால் பெருக்கிவிட்டு இடப்பக்கம் ஒரு விரிசல் தெரிகிறதே என்று திகைக்க வேண்டாம்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. லூவாவில் பின்னம் உள்ள எண்ணின்மீது பிட் குறிகளைப் பயன்படுத்தினால் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். ஆகவே இரட்டைச் சாய்கோட்டு வகுத்தலால் 1 ஆல் வகுத்து, பின்னத்தை முதலில் வெட்ட வேண்டும். மற்றது, நடுப்புள்ளியில் தொலைவு 0 ஆகி, அதனால் வகுக்கும்போது முடிவிலி பிறந்து, மறுபடியும் அதே பிழை வரும். நடுவை 120, 68 என்று வைக்காமல் 119.5, 67.5 என்று வைத்தால் எந்தப் பிக்சலும் அதன்மேல் விழாது. திரையின் உண்மையான நடுவும் அதுதான்.

மூன்றாம் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. கி, நெ இரண்டையும் இரும எண்களாகப் பார்த்து, இரண்டிலும் ஒரே இடத்தில் 1 இல்லாத புள்ளிகளில் மட்டும் நிறம் வைத்தால், முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள்ளும் முக்கோணம் என்று சியர்பின்ஸ்கி வடிவம் முழுத் திரையிலும் தானே விரியும். நிபந்தனை ஒரே வரிதான். நடுவிலிருந்து உள்ள விலக்கத்தின் குறியை நீக்கிவிட்டு அதே கணக்கைச் செய்தால், ஒரு கால்பகுதிக்கு எழுதியது நான்கு மூலைகளுக்கும் பரவி, வாசலில் போட்ட கோலம்போல் நிற்கும். விலக்கத்தோடு அட்சர எண்ணைக் கூட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் கோலம் உருமாறும். கோலத்துக்கும் கணினிக்கும் உறவு புதிதன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய ஆய்வுக் கட்டுரை 1974-லேயே வெளிவந்தது.

நான்காவதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம். முக்கோணத்தில் காலியாக விட்ட இடங்களில் பிளாஸ்மாவை ஊற்றுங்கள். ஐந்தாவதில், நடுவிலிருந்து உள்ள தொலைவு ஓர் எல்லைக்கு மேல் போனால் கருப்பு என்று வைத்து, அந்த எல்லையை மூன்று விநாடிக்குள் 140-இலிருந்து 0-க்குக் கொண்டுவந்தால் படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறையும்.

ஓசைக்கு வருவோம். பின்லாந்தைச் சேர்ந்த வில்லே-மத்தியாஸ் ஹெய்க்கிலா 2011-இல் பரவச்செய்த பைட்பீட் என்னும் முறையை ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டு இதில் இறங்குவது நல்லது. விநாடிக்கு 8000 முறை கூடும் ஓர் எண்ணை ஒரே ஒரு சூத்திரத்தில் போட்டு, விடையின் கடைசி 8 பிட்டை ஒலிபெருக்கிக்கு அனுப்புவதுதான் அது. அந்த எண்ணைப் 10 பிட் வலப்புறம் தள்ளி, 42-உடன் & செய்து (இரண்டு எண்ணிலும் 1 உள்ள பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு), வந்த விடையால் அதே எண்ணைப் பெருக்கினால் ஒரு மெட்டே கேட்கும். 42 என்பது 32 + 8 + 2 ஆகையால், பெருக்கும் எண் 0, 2, 8, 10, 32, 34, 40, 42 என்ற எட்டில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும், 31.25 ஹெர்ட்ஸின் அந்த மடங்குகளே சுரங்களாகின்றன, 0 மௌனமாகிறது. ஒரு பிட் குறைவாகத் தள்ளினால் மெட்டு இரட்டை வேகத்தில் ஓடும். பஞ்சாரியில் காலம் மாறுவதும் இதுவே என்று சொன்னபோது, செண்டை பழகும் ஒரு மாணவன் அதுவரை பிட் நகர்த்தலுக்குக் காட்டிய வெறுப்பை விட்டுவிட்டான்.

டிக்-80-இல் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்யலாம். ஒலித் தொகுப்பியில் 0-ஆம் ஒலிக்கு ஓர் அலைவடிவமும், விரைவில் தேயும் ஒலியளவும் வரைந்துகொள்ளுங்கள். நேரத்தை முதல் காட்சியில் 1000 ஆலும், அடுத்தவற்றில் 500, 250, 125, 62 ஆலும் வகுத்து, முழு எண்ணாக்கி, 42-உடன் & செய்து, 12 கூட்டினால் சுர எண் கிடைக்கும். வகுத்த எண் மாறும் கணத்தில் மட்டுமே ஒலியை அழைக்க வேண்டும். ஒவ்வோர் அழைப்பிலும் கூப்பிட்டால் விநாடிக்கு 60 முறை ஒலி புதிதாகத் தொடங்கி வண்டு இரைவதுபோல் கேட்கும்.

சுரங்கக் காட்சியில் நன்றிப் பெயர்களை ஓடவிடுவது டெமோசீன் மரபு. டிக்-80-இன் எழுத்துருவில் தமிழ் இல்லை. ‘நன்றி’ என்ற மூன்று எழுத்துகளை 8-க்கு 8 கட்டத்தில் வரைந்தால் ன்-இன் புள்ளிக்கு இடம் போதாது. எழுத்துக்கு 16-க்கு 16 கொடுங்கள்.

வேலை முடிந்தபின் அளவைக் குறைக்கத் தொடங்கலாம். ஜெர்மனியில் 2009-இல் பிரேக்பாயிண்ட் விழாவில் காட்டப்பட்ட ‘எலிவேட்டட்’ என்ற படைப்பு, பனிமலைத் தொடர் ஒன்றை இசையோடு 4096 பைட்டுக்குள் அடைத்தது. காலை வணக்கம் என்று நாம் அனுப்பும் ரோஜாப் படம் ஒவ்வொன்றும் அதைப்போலப் பல மடங்கு பெரியது. நமக்கு அவ்வளவு அவசரமில்லை. மாறிப் பெயர்களை ஓரெழுத்தாக்குங்கள், இருமுறை வரும் கணக்கை ஒருமுறையாக்குங்கள், தமிழில் எழுதிய குறிப்புரைகளை நீக்குங்கள்: எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘நன்றி’ என்ற ஒரு சொல்லே 15 பைட் பிடிக்கும்.

அனுப்புவதற்கு, சிற்றளவு நிரல்களுக்கென்றே 2021 முதல் இணையவழி நடந்துவரும் லவ்பைட் விழா நமக்கு வசதி. ஈஸ்டர் நாள்களில் ஜெர்மனியின் சார்புருக்கனில் கூடும் ரிவிஷன் இதில் பெரிய விழா. அளவுப் பிரிவையும், எந்தக் கோப்பின் அளவை எண்ணுகிறார்கள் என்பதையும் அந்தந்த ஆண்டின் விதியில் படித்துவிட்டு, வேறொருவர் கணினியில் ஒருமுறை முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். 186-ஆம் அட்சரம் கடந்ததும் ஓசையை நிறுத்தித் திரையைக் கருப்பாக்கி, இரண்டு விநாடி அப்படியே விட்டு, அதன்பின் நிரலை முடிக்கும் கட்டளையை வையுங்கள். அந்த இரண்டு விநாடி இல்லாவிட்டால், அரங்கில் இருப்பவர்களுக்கு எங்கே கைதட்டுவது என்று தெரியாது.