வெள்ளாட்டைச் செம்மறியாக நினைக்காதீர்கள்

ஒரு கொடுக்காப்புளி மரத்தடியில் வெள்ளாட்டையும் செம்மறியையும் சேர்த்து அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். செம்மறி தலையைக் கவிழ்த்துத் தரையை மேயத் தொடங்கும். வெள்ளாடு பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, முன்னங்கால்களை அடிமரத்தில் வைத்து, முட்களுக்கு நடுவே உதட்டை நுழைத்துத் தளிரை மட்டும் கிள்ளும். பண்ணைகளில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல், இந்தக் காட்சியை மறந்துவிடுவதால் வருபவை.

நம் வெள்ளாட்டின் மூதாதை, மேற்காசிய மலைகளில் இன்றும் திரிகிற பெசோவார் காட்டாடு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதியில் மனிதர்கள் அதைப் பழக்கியிருந்தார்கள். காய்ந்த பாறைச் சரிவும் புதர்த் தழையும்தான் அதன் உலகம். பட்டிக்கு வந்து இவ்வளவு காலமாகியும் அதன் வயிறும் குளம்பும் அந்த மலையை விடவில்லை.

பச்சைப்பசேலென்று புல் கிடந்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரப் புல்லில், தரையிலிருந்து சில அங்குல உயரத்துக்குள்தான் மிகுதியாக இருக்கும். காலங்காலமாகத் தலைக்கு மேலே தழை கடித்து வந்த வெள்ளாட்டுக்கு, இந்தப் புழுக்களைத் தாங்கும் திறன் செம்மறிக்கு வளர்ந்த அளவுக்கு வளரவில்லை. பனி உலரும் முன்பே ஆட்டை ஓட்டிப்போய் வரப்பில் கட்டுகிறவர், புழுவை வாயில் ஊட்டிவிடுகிறார் என்றே சொல்வேன்.

இரத்தம் உறிஞ்சும் புழு, நான்கு அறைகள் கொண்ட ஆட்டு வயிற்றின் நான்காம் அறையில் ஒட்டிக்கொண்டால், கழிச்சல் இல்லாமலே ஆடு சோகை பிடித்துச் சாகும். ஆகவே கழிச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள். கீழ் இமையைப் பெருவிரலால் மெல்ல இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறிப்போயிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது. நன்றாக இருக்கும் ஆடுகளையும் சேர்த்து மாதந்தோறும் ஒரே மருந்தைப் புகட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. அதனால் அந்த மருந்துக்கு மசியாத புழுக்கள் மட்டுமே மிஞ்சிப் பெருகுகின்றன. செம்மறிக்கான அளவை அப்படியே கொடுப்பதும் வீண். பல குடற்புழு மருந்துகளை வெள்ளாட்டின் உடல் விரைவாக வெளியேற்றிவிடுகிறது. எடை போட்டு, மருத்துவர் சொல்லும் அளவைக் கொடுங்கள்.

அகத்தி, சூபாபுல், வேலிமசால், கிளுவை என்று கலந்து வெட்டி, ஆடு அண்ணாந்து கடிக்கும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். காலில் மிதிபட்டு மூத்திரத்தில் நனைந்த தழையை வெள்ளாடு முகர்ந்துகூடப் பார்க்காது. பட்டியின் ஈரத்தையும் அது தாங்காது. குளம்பு அழுகும், குட்டிக்குச் சளி பிடிக்கும். ஆடு நிற்கத் தரைக்கு மேலே உயர்த்திய பரண் அமைக்க வசதியில்லை என்றால், மேடான இடமும் ஒழுகாத கூரையும் இருந்தாலே பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்போதுதான் வெட்டிய மரவள்ளி இலையையும், மழையில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரையும் தின்னவிடாதீர்கள். இரண்டிலும் உயிரைக் குடிக்கும் சயனைடு உண்டு.

விருந்து முடிந்த வீட்டில் மிஞ்சும் சோறு இன்னொரு எமன். மனமிரங்கித்தான் அண்டாவோடு வைக்கிறோம். விடியும்போது இடப்பக்க விலா உப்பியிருக்கும். கையால் அழுத்தினால் தண்ணீர்ப் பை போலத் தளும்பும். ஆடு பல்லை நறநறவென்று கடித்தபடி நிற்கும், பிறகு படுத்துவிடும். சோற்றின் மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடுவதால், தழையைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்துபோகின்றன. அந்த நேரத்தில் தலையை மேலே தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றுவது அடுத்த தவறு. அது புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். தானியம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பட்டியில் பிறந்த கிடாவையே பொலிக்கு வைத்துக்கொள்வதும் நல்லதல்ல. அது தன் தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் சேரும். கிடாக்குட்டிகளை மூன்று, நான்கு மாதத்தில் பிரித்துவிடுங்கள். பொலிகிடாவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்று மாலையே பட்டியில் சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். கண்ணும் மூக்கும் ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து மந்தையே சரியும். புது ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்டிப் பாருங்கள். குட்டி நான்கு மாதத்தை எட்டும்போது தடுப்பூசி போட்டுவிட்டால் சுமார் மூன்று ஆண்டுக்குப் பாதுகாப்பு உண்டு.

இந்த நோய் பட்டியோடு நிற்பதில்லை. 2016-17இல் மங்கோலியாவில் கால்நடைகளிடமிருந்து சைகா மான்களுக்குத் தொற்றி, ஆயிரக்கணக்கில் அவை மடிந்தன. அதனால்தான் மேற்குத் தொடர்ச்சி மலை ஓரங்களில் நோய்ப்பட்ட ஆட்டை மேய விடுவது எனக்குக் கலக்கத்தைத் தருகிறது. மேலே வரையாடு இருக்கிறது. நம் மாநில விலங்கான அதைக் காட்டு வெள்ளாடு என்று பலரும் சொல்கிறார்கள், அதுவும் பிழை. மரபணு ஆய்வின்படி அது செம்மறிக்கே நெருங்கிய உறவு. மேய்வதும் பெரும்பாலும் புல்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் அது சாலையோரம் வந்து நிற்கும்போது, பிஸ்கட்டை நீட்டாமல் வண்டியை மெதுவாக ஓட்டிக் கடந்துவிடுங்கள். அதற்கு வேண்டிய புல் அந்தச் சரிவிலேயே இருக்கிறது.