பைக்கில் மின்சாரம் திடீரென அடியோடு நின்றால் எங்கே தேடுவது?

ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர், மீட்டர் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துபோனால் உடனே பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரி பெரும்பாலும் முன்கூட்டியே தெரியப்படுத்திவிடும்: ஹாரன் கம்மும், விளக்கு மங்கும், ஸ்டார்ட்டர் திணறும். எந்த அறிகுறியும் இல்லாமல் எல்லாமே நின்றுவிட்டது என்றால், எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அதைத் தேடுவதற்குக் கையோடு இருக்க வேண்டியவை ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி), இரண்டு வயர் பொருத்திய ஒரு 12 வோல்ட் பல்பு. அவ்வளவுதான்.

விளக்குகள் எரிந்து ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை என்றால் அது வேறு கோளாறு. அங்கே கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்), கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு ஆகியவற்றைப் பாருங்கள்.

1. பேட்டரி டெர்மினல்

சாவியை அணைத்துவிட்டு, இரு டெர்மினல்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். சிறிது ஆடினாலும் இறுக்குங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால், பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் சேஸிஸில் பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும்.

2. மெயின் ஃப்யூஸ்

இது பல பைக்குகளில் பேட்டரிக்கு அருகிலோ ஸ்டார்ட்டர் ரிலேயிலோ இருக்கும். ஃப்யூஸைப் பார்ப்பதோடு அது செருகியிருக்கும் பிடியையும் பாருங்கள். பிடி உருகியிருந்தால் ஃப்யூஸ் நல்லதாக இருந்தும் மின்சாரம் போகாது. அதே ஆம்பியர் ஃப்யூஸை மட்டுமே மாற்றுங்கள். அதுவும் உடனே எரிந்தால் வயரிங்கில் ஷார்ட் இருக்கிறது. அந்த நிலையில் பெரிய ஆம்பியர் ஃப்யூஸோ வயர்த் துண்டோ போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஃப்யூஸுக்குப் பதிலாக வயரிங் முழுவதும் எரியும்.

3. பேட்டரியின் நிலை

முழுதாக சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். பல்பை நேரடியாக பேட்டரியில் இணைத்து மீண்டும் அளவெடுங்கள். பல்பு எரியாமல் வோல்ட் சட்டென்று சரிந்தால் பேட்டரியின் உள்ளேயே இணைப்பு அறுந்திருக்கலாம். அப்படி இல்லையென்றால் பேட்டரியை விட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

4. பல்பை வைத்துத் தேடுதல்

பலர் ஏமாறுவது இங்கேதான். மல்டிமீட்டர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். பல இழைகள் உள்ள வயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டிவிடும். பல்பை ஏமாற்ற முடியாது. எரிய உண்மையான மின்னோட்டம் வேண்டும்.

பல்பின் ஒரு வயரை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சாவியைப் போடுங்கள். மற்ற வயரால் பேட்டரி பாசிட்டிவ், ஃப்யூஸின் முன்புறம், பின்புறம், சாவி சுவிட்சுக்குள் போகும் வயர், வெளியே வரும் வயர் என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எந்த இடம்வரை பிரகாசமாக எரிந்து அடுத்த இடத்தில் அணைகிறதோ, அவ்விரண்டுக்கும் இடையில்தான் கோளாறு.

சாவி சுவிட்ச் வயர்களில் கூடுதல் கவனம் வையுங்கள். ஹேண்டில்பார் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவை கழுத்துப் பகுதியில் மடங்குகின்றன. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோகும். பல்பை வெளியே வரும் வயரில் பிடித்தபடி ஹேண்டில்பாரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் எரிந்து மறு கோணத்தில் அணைந்தால் அறுந்த இடம் கிடைத்துவிட்டது. அந்த வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரையும் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அங்கே சூடேறியிருக்கிறது.

5. எர்த்

பல்பின் ஒரு வயரை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை சேஸிஸின் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். மங்கினாலோ எரியாவிட்டாலோ, பேட்டரி நெகட்டிவை சேஸிஸோடு இணைக்கும் எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மீண்டும் இறுக்குங்கள்.

6. சரிசெய்த பிறகு

எஞ்சினை ஓடவிட்டு, வேகத்தைச் சற்று உயர்த்தி, பேட்டரியில் அளவெடுங்கள். சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை மாற்ற வேண்டும். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்த நொடியில் எகிறும் வோல்ட், பைக்கின் மின்னணுப் பாகங்களைப் பாழாக்கிவிடும்.