ஸ்ட்ரெச்சர் வந்த பிறகு தரும் வலி மாத்திரை: பிரிவுகளுக்கு இடையே செவிலியர்கள் செய்யும் தவறுகள்

இடுப்பெலும்பு முறிந்தவரை எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வாசலில் வந்து நிற்கும். அப்போதுதான் நமக்கு வலி மருந்தின் நினைப்பே வரும். வாய்வழி தரும் சாதாரண மார்ஃபின் வேலையைத் தொடங்கவே சுமார் அரை மணி நேரம் ஆகும். முழு பலன் தெரிய ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் அவரைத் தூக்கி, மேசையில் கிடத்தி, புரட்டிப் படமெடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். மருந்து வேலை செய்யும் நேரத்தில் அவர் கட்டிலில் அசையாமல் படுத்திருப்பார். கேஸ் ஷீட்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மருந்து கொடுத்தாயிற்று, படம் எடுத்தாயிற்று. அவர் அலறியது மட்டும் எங்கும் பதிவாகாது.

எத்தனை மணிக்கு அழைப்பார்கள் என்று வார்டு கேட்கவில்லை. மருந்து கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று எக்ஸ்ரே பிரிவும் கேட்கவில்லை. ஒரு போன் அழைப்பில் தீர்ந்திருக்கும். புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றுவதும் பிசியோதெரபியும் இதே கதைதான்.

இதைவிடச் சிக்கலானது ஃபென்டனில் பேட்ச், அதாவது தோலில் ஒட்டும் வலுவான வலி மருந்து. சில பேட்ச்களில் உலோகப் படலம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும்முன் அகற்றிவிடுவார்கள். அகற்றியதை வார்டுக்குச் சொல்ல மறந்தால் உடனே ஒன்றும் ஆகாது; தோலில் தங்கிய மருந்து சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வலி திரும்பும்போது ஷிப்ட் மாறியிருக்கும், காரணம் யாருக்கும் புரியாது. புதிய பேட்ச் ஒட்டினாலும் அது முழுமையாக வேலை செய்ய அரை நாளுக்கு மேல் ஆகலாம். நேர்மாறான ஆபத்தும் உண்டு. பேட்ச் இருப்பது தெரியாமல் அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து வேகமாக உடலில் ஏறி மூச்சையே மந்தமாக்கிவிடும். பேட்ச் எந்த இடத்தில், எந்தத் தேதியில் ஒட்டப்பட்டது என்பது நோயாளியோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும்.

"வலி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைப்பதும் தவறுதான். நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, வேண்டுகோள் என்ற நான்கு படி முறையைப் பலரும் படித்திருக்கிறோம். மூன்றாவதோடு நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்ற தயக்கம் போலும். "அசைக்கும்போது வலி பத்துக்கு எட்டு, பத்து மணிக்குக் கொடுத்த மருந்தில் ஆறாகத்தான் குறைந்தது, டிரெஸ்ஸிங்குக்கு முன் டாக்டரிடம் பேசி அளவைப் பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

மறதி நோய் முற்றியவரிடம் வலிக்கு எண் கேட்பது பெரும்பாலும் வீண். வலித்தால் அவர் போர்வையைக் கசக்குவாரா, சாப்பாட்டைத் தள்ளிவிடுவாரா என்பது ஒரு வாரம் பார்த்த வார்டு செவிலியருக்கும் வீட்டாருக்கும்தான் தெரியும். அதை எழுதி அனுப்பாவிட்டால் அடுத்த பிரிவில் அவருக்குக் கிடைப்பது 'முரண்டு பிடிப்பவர்' என்ற பெயர்தான்; சில சமயம் தூக்க ஊசியும்.