ஓவர்கிளாக் பிசிக்கு ராம் வாங்கப் போறீங்களா? 6000, சிஎல்30, ரெண்டே ஸ்டிக்

முதல்ல மதர்போர்டைப் பாருங்க. டிடிஆர்4 (பழைய தலைமுறை ராம்) போர்டில் டிடிஆர்5 (அடுத்த தலைமுறை) ஸ்டிக் உட்காராது, வெட்டு இருக்கிற இடமே வேற. இன்டெல்லில் எச்610 போர்டு ராமை ஓவர்கிளாக் செய்ய (வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட) விடாது, பி760 விடும். ஏஎம்டி ரைசனின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு பி650 போர்டு தாராளம். கீழே உள்ளது பி650, ரைசன் 7600 மாதிரி செட்டுக்கு.

எதை வாங்குவது

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஸ்பீடை மட்டும் நம்பாதீங்க. கூடவே சிஎல் எண்ணையும் (கேட்ட டேட்டாவைத் தர ராம் எடுக்கும் கிளாக் சுற்றுகள்) பாருங்க. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி ஸ்பீடால் வகுத்தால் தாமதம் நானோ செகண்டில் வரும். 6000 சிஎல்30-க்கு 10. 6000 சிஎல்40-க்கு 13.3. 5600 சிஎல்46-க்கு 16.4. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் 10 தான்!

7200, 8000 எல்லாம் ஏஎம்5-இல் ஆரம்பத்திலேயே வேண்டாம். 6000 வரைக்கும் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் ராமுக்குச் சமமாக ஓடும். 6400-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காசை கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்க.

பலர் சறுக்கும் இடம்

"இப்போ ஒரு 16 ஜிபி, தீபாவளிக்கு இன்னொண்ணு" என்ற கணக்கு ஓவர்கிளாக்குக்கு ஒத்துவராது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் உள்ளே இருக்கும் சிப் மாறியிருக்கலாம். ஒன்றில் ஹைனிக்ஸ், மற்றதில் சாம்சங் வந்தால் 6000-இல் பூட் ஆகாமல் போகலாம், அல்லது பூட் ஆகி விளையாட்டு நடுவில் நீலத்திரை காட்டலாம். இரண்டையும் ஒன்றாகச் சோதித்து ஒரே பாக்கெட்டில் போட்ட கிட்டைத்தான் வாங்கணும். ஜி.ஸ்கில் ஸ்டிக்கரில் 6000, 3038, 16ஜிஎக்ஸ்2 என்று வரும்: ஸ்பீடு 6000, டைமிங் 30-38 (முதல் எண்தான் சிஎல்), 16 ஜிபி இரண்டு. தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்குபவர்கள் இதைக் கடையிலேயே படித்துப் பார்த்துவிடுங்க. மாற்றப் போனால் ஒரு நாள் போச்சு.

மாடல் எண் போர்டு கம்பெனியின் சப்போர்ட் லிஸ்டில் இருக்கிறதா என்றும் பாருங்க. பெரிய ஏர் கூலர் வைப்பவர்கள் ஆர்ஜிபி இல்லாத குட்டை ஸ்டிக்கை எடுங்க. விளக்கு வைத்தது 40 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும், கூலர் ஃபேன் இடிக்கும்.

மாட்டுவதும் ஓட்டுவதும்

பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட் (ஏ2, பி2). 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்துங்க.

பயாஸ் (போர்டிலேயே இருக்கும் ஆரம்ப சாஃப்ட்வேர்) அப்டேட்டை முதலில் முடியுங்க, யுபிஎஸ் இல்லாமல் தொடாதீங்க. நடுவில் கரண்ட் போனால் போர்டே போயிடலாம். பிறகு பயாஸில் எக்ஸ்போவை (ராம் கம்பெனி ஸ்டிக்கிலேயே பதிந்து வைத்த ஸ்பீடு, டைமிங் செட்டிங்) ஆன் செய்து சேவ் பண்ணுங்க. திரை கறுப்பாக நிற்கும். ராமுக்கு ஒத்துவரும் செட்டிங்கை போர்டு தேடும் ராம் டிரெயினிங் நடக்கிறது, 10 நிமிஷம் வரை பவர் பட்டனில் கை வைக்காதீங்க. அதற்கு மேலும் வரலை என்றால்தான் சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்கைப் பழையபடி ஆக்குவது).

எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.30 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 2023-இல் சில ரைசன் 7000 சிப்கள் இதனால் கருகின.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை நாலு சுற்று ஓட்டுங்க, ஒரு பிழைகூட வரக்கூடாது. ஒன்று வந்தாலும் 5800-க்கு இறக்குங்க. இந்த டெஸ்டில் கிராஃபிக்ஸ் கார்டு சூடாகாது, அதன் சூடு ராமுக்கும் ஏறாது, அதனால் பக்கக் கதவை மூடி ஒரு மணி நேரம் கனமான கேமும் ஓட்டுங்க. மாசி ராத்திரியில் பாஸ் ஆன செட்டிங், சித்திரை மதியம் கிருஷ்ணகிரி மொட்டைமாடி ரூமில் பிழை காட்டும். சூடு ஏற ஏற ராம் செல்லில் உள்ள சார்ஜ் சீக்கிரம் கசியும். டைமிங்கைக் கையால் இறுக்கியவர்கள் மதியம் இரண்டு மணிக்கே சோதிங்க.

பிற்சேர்க்கை: நாலு ஸ்லாட்டையும் நிரப்பலாமா என்ற கேள்விக்கு: ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நாலில் வெறும் 3600. 64 ஜிபி வேணும் என்றால் 32 ஜிபி இரண்டு வாங்குங்க.